கடைசிச் சொல் யாருடையது? பினாங்கு எழுப்பிய அரசமைப்பு வழக்குகள்

ஜார்ஜ் டவுனில் குடியிருப்பவருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு உண்டு, சட்டமன்றத் தேர்தலிலும் உண்டு. ஆனால் அவர் தெருவின் வடிகாலையும் குப்பையையும், அங்காடிக்கடை உரிமத்தையும், பக்கத்து மனையில் எத்தனை மாடி எழும்பலாம் என்பதையும் முடிவு செய்கிற மாநகர் மன்றத்துக்கு அவரால் ஒருவரைக்கூடத் தேர்ந்தெடுத்து அனுப்ப முடியாது. மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. மலாயாவிலேயே முதல் நகராட்சித் தேர்தல் 1951 டிசம்பர் 1 அன்று நடந்தது இதே ஊரில்தான். இழந்த வாக்கை மீட்க மாநில அரசே நீதிமன்றம் போனது. 2014 ஆகஸ்டு 14 அன்று கூட்டரசு நீதிமன்றம் அதன் மனுவைத் தள்ளுபடி செய்தது.

பினாங்கு ஊரும் பினாங்குக்காரர்களும் முன்னின்ற அரசமைப்பு வழக்குகள் பல. அவற்றை வரிசையாகப் படித்தால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்வி ஓடுவது தெரியும். அரசமைப்புச் சட்டம் உரிமையைத் தருகிறது. நீதிமன்றம் அதற்குப் பொருள் சொல்கிறது. அந்தப் பொருள் பிடிக்காவிட்டால் நாடாளுமன்றம் சட்டத்தையே மாற்றுகிறது. அப்படியானால் கடைசிச் சொல் யாருடையது? மலேசியாவில் நெடுங்காலம் அது நாடாளுமன்றத்தினுடையதாக, அதாவது நடைமுறையில் அமைச்சரவையினுடையதாக இருந்தது. நீதிமன்றத்தில் தோற்றதால் உரிமையை இழந்தவர்கள் உண்டு. வென்ற பிறகும் இழந்தவர்கள் உண்டு. அந்த இரண்டாம் வகை வழக்குகளை நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் குறை.

இந்தத் தீவில் நீதிமன்றம் கூடியதே ஒரு பட்டயத்தால்தான். 1786இல் பிரான்சிஸ் லைட் கரையிறங்கியதிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கே முறையான நீதிமன்றம் கிடையாது. 1807ஆம் ஆண்டின் நீதிப் பட்டயத்துக்குப் பிறகு, 1808இல் முதல் நீதிபதியாக எட்மண்ட் ஸ்டான்லி வந்தார். ஆங்கிலேயச் சட்டம் இத்தீவில் வாழும் எல்லோரையும் கட்டுப்படுத்துமா என்ற கேள்வி அதன் பிறகு பல வழக்குகளில் எழுந்தது. 1871ஆம் ஆண்டின் பாத்திமா எதிர் லோகன் வழக்கில், முஸ்லிம் ஒருவர் எழுதிய உயிலுக்கும் ஆங்கிலேயச் சட்டமே பொருந்தும் என்று பினாங்கு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியேற்ற அரசின் சட்டம்தான் அது. என்றாலும், அதிகாரத்தை நீதிபதி முன் நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்ற பழக்கம் இந்த ஊரில் அப்போதே வேர்விட்டது. லைட் தெருவில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே நிற்கும் நினைவுச் சின்னம் 1869இல் இறந்த வழக்கறிஞர் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகனுக்கு எழுப்பப்பட்டது. ஐரோப்பியர் அல்லாதவர்களின் உரிமைக்காக வாதாடியவர் என்பதற்காக ஊர் மக்கள் அவரை நினைவில் வைத்தார்கள்.

விடுதலைக்குப் பிந்தைய காலத்துக்கு வருவோம். 1977இல் பினாங்கு உயர் நீதிமன்றம் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்தான் என்பது குற்றச்சாட்டு. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவில் அதற்கு மரணம் ஒன்றுதான் தண்டனை. 1975இல் கொண்டுவந்த அவசரகால விதிகள் சிறார் நீதிமன்றத்தின் பாதுகாப்பையும் எடுத்துவிட்டிருந்ததால், சிறுவன் பெரியவர்களைப் போலவே விசாரிக்கப்பட்டான். சாட்சியின் முகத்தை மறைத்து விசாரிக்கவும், செவிவழிச் செய்தியைச் சான்றாக ஏற்கவும் அந்த விதிகள் இடம் கொடுத்தன. நாடு அதிர்ந்தது. அந்த விதிகளின் கீழ் நடக்கும் வழக்குகளில் ஆஜராக வேண்டாம் என்று வழக்கறிஞர் மன்றம் தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. சிறுவன் கடைசியில் தூக்கிலிடப்படவில்லை. ஹென்றி கர்னி சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான்.

அதே விதிகளின் கீழ் தண்டனை பெற்ற டே செங் போ என்பவரின் மேல்முறையீடு லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் வரை போனது. 1978 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 1969 மே கலவரத்தை ஒட்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது நாடாளுமன்றம் கூடவில்லை. அதனால் மாமன்னர் பெயரில் சட்டம் பிறப்பிக்க இடம் இருந்தது. 1971 பிப்ரவரி 20 அன்று நாடாளுமன்றம் மீண்டும் கூடியதும் அந்த அதிகாரம் முடிந்துபோனது. ஆகவே 1975ஆம் ஆண்டின் விதிகள் செல்லா. தீர்ப்பை எழுதிய டிப்லாக் பிரபுவின் இந்த வாதத்தில் சிக்கலே இல்லை. நாடாளுமன்றம் இருக்கும்போது அமைச்சரவை தனியாகச் சட்டம் இயற்ற முடியாது என்பதுதான் அதன் சாரம்.

அடுத்த சில வாரங்களிலேயே அரசு பதில் சொன்னது. 1979ஆம் ஆண்டின் அவசரகால அதிகாரச் சட்டம் அந்த விதிகளை 1971 பிப்ரவரி 20 வரை பின்தேதியிட்டுச் செல்லுபடியாக்கியது. லண்டனில் செல்லாது என்று அறிவிக்கப்பட்டவை கோலாலம்பூரில் மறுபடி உயிர்பெற்றன. 1969ஆம் ஆண்டின் அவசரநிலை அறிவிப்பு 2011 டிசம்பர் வரை நீங்கவில்லை. கலவரம் ஓய்ந்து ஒரு தலைமுறை வளர்ந்து முடிந்த பிறகும் நாடு ஏட்டளவில் அவசரநிலையில்தான் இருந்தது.

தீர்ப்புக்குப் பதிலாகச் சட்டத் திருத்தம் வருவது எல்லா இடத்திலும் கொடுமை என்று சொல்லிவிட முடியாது. தமிழ் வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த எடுத்துக்காட்டு சென்னையில் இருக்கிறது. செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி அரசாணையை இந்திய உச்ச நீதிமன்றம் 1951இல் செல்லாது என்றது. பெரியார் முன்னின்ற கிளர்ச்சிக்குப் பிறகு அதே ஆண்டு அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. இட ஒதுக்கீடு காப்பாற்றப்பட்டது. அங்கே நாடாளுமன்றத்தின் பதில் நீதியின் பக்கம் நின்றது. ஆகவே நாடாளுமன்றம் திருத்தலாமா என்பது நம் கேள்வி அல்ல. திருத்தத்துக்கு எல்லை உண்டா என்பதுதான் கேள்வி. இந்தியாவில் 1973இல் கேசவானந்த பாரதி வழக்கு, உண்டு என்றது: அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை எந்தப் பெரும்பான்மையும் உடைக்க முடியாது. மலேசியாவில் 1977இல் லோ கூய் சூன் வழக்கில் அந்தக் கோட்பாட்டை நீதிபதி ராஜா அஸ்லான் ஷா ஏற்க மறுத்தார். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தவேண்டும் என்ற உரிமையை, ஒரு வகைக் கைதிகளுக்கு மட்டும் பின்தேதியிட்டு நீக்கிய திருத்தத்தைப் பற்றிய வழக்கு அது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஆதரித்தால் திருத்தம் செல்லும், அவ்வளவுதான் என்றது தீர்ப்பு. அன்று ஆளும் கூட்டணியிடம் அந்த எண்ணிக்கை எப்போதும் இருந்தது. 2008 மார்ச் 8 தேர்தல் வரை அது அநேகமாகக் கைநழுவவே இல்லை.

இந்தப் பின்னணியில் அலிரான் வழக்கைப் பார்க்க வேண்டும். 1977இல் பினாங்கில் தொடங்கிய அலிரான் இயக்கம் ஆங்கிலத்தில் மாத இதழ் ஒன்றை நடத்திவந்தது. அதை மலாய் மொழியிலும் கொண்டுவர அனுமதி கேட்டது. உள்துறை அமைச்சர் மறுத்தார். காரணம் சொல்லவில்லை. 1984ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் வெளியீடுகள் சட்டப்படி அனுமதி தருவதும் மறுப்பதும் அவருடைய முழு விருப்பம். ஆங்கிலம் படித்தவர் வாசிக்கலாம், நாட்டின் பெரும்பான்மை மக்கள் தங்கள் மொழியில் வாசிக்கக் கூடாது என்பதுதான் அந்த மறுப்பின் நடைமுறைப் பொருள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 1987இல் நீதிபதி ஹாருன் ஹாஷிம் அமைச்சரின் முடிவை ரத்து செய்தார்.

அந்த ஆண்டு அக்டோபர் 27 அன்று ஓப்ஸ் லாலாங் என்ற கைது நடவடிக்கை தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இசா எனப்படும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போனார்கள். பினாங்கிலிருந்து போனவர்களின் பெயர்களைப் பார்த்தாலே அரசு எதை அடக்க நினைத்தது என்பது புரியும்: அலிரானின் சந்திரா முசாஃபர், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் வழக்கறிஞர் மீனாட்சி ராமன், ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினர் கர்ப்பால் சிங், தஞ்சோங் தொகுதியின் லிம் கிட் சியாங். மூன்று செய்தித்தாள்களின் உரிமம் பறிக்கப்பட்டது. அவற்றில் ஒன்றான ‘தி ஸ்டார்’ பினாங்கில் பிறந்த பத்திரிகை. டிசம்பரில் வெளியீட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. அமைச்சரின் முடிவே இறுதியானது, எந்தக் காரணத்துக்காகவும் எந்த நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்க முடியாது என்று 13-ஏ பிரிவு நுழைந்தது. பிறகு உச்ச நீதிமன்றமும் ஹாருன் ஹாஷிமின் தீர்ப்பை மாற்றிவிட்டது. அந்தத் தடைப் பிரிவு அகல 2012 ஆயிற்று. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் வெளிவராமலே போன இதழ்களையும் எழுதப்படாமல் போன கட்டுரைகளையும் யாரும் கணக்கெடுக்க முடியாது.

கர்ப்பால் சிங்கின் ஆள்கொணர்வு மனு இன்னும் கூர்மையானது. அவரைத் தடுத்துவைக்க அமைச்சர் ஆறு காரணங்கள் காட்டியிருந்தார். அவற்றில் ஒன்று அப்பட்டமான பிழை. செய்யாத ஒன்றை அவர் செய்ததாகச் சொன்னது. 1988 மார்ச் 9 அன்று ஈப்போ உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பே ஸ்வீ சின் அவரை விடுதலை செய்தார். ஒரு மனிதனின் சுதந்திரத்தைப் பறிக்கும் ஆணையில் இவ்வளவு அலட்சியம் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. அன்றைய நாள் முடிவதற்குள் கர்ப்பால் மறுபடி கைது செய்யப்பட்டார். சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் ஈப்போ தீர்ப்பை ரத்து செய்தது. காரணங்களின் உண்மை பொய்யை நீதிமன்றம் ஆராயாது; அமைச்சரின் மனநிறைவே போதும். 1941இல் இங்கிலாந்தில் போர்க்காலத் தீர்ப்பொன்றில் பிறந்து, 1969இல் கரம் சிங் வழக்கின் வழியாக மலேசியாவுக்கு வந்த கோட்பாடு இது. இங்கிலாந்து பின்னாளில் அதைக் கைவிட்டது, நாம் வைத்துக்கொண்டோம். 1989இல் இசா சட்டமே திருத்தப்பட்டு, நடைமுறைப் பிழை தவிர வேறெதையும் நீதிமன்றம் பார்க்க முடியாதபடி கதவு சாத்தப்பட்டது. 1989 ஜனவரியில்தான் கர்ப்பால் வீடு திரும்பினார்.

1988 ஜூனில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. அரசமைப்பின் 121(1) பிரிவு, நாட்டின் நீதி அதிகாரம் உயர் நீதிமன்றங்களிடம் இருப்பதாகச் சொல்லிவந்தது. திருத்தத்துக்குப் பிறகு, கூட்டரசுச் சட்டம் கொடுக்கும் அதிகாரம் மட்டுமே நீதிமன்றங்களுக்கு உண்டு என்று ஆனது. உரிமையாக இருந்தது கொடையாக மாறியது. அதே ஆண்டு தலைமை நீதிபதி சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார்.

உயிரோடு இருந்தபோது கிடைக்காத ஒரு தீர்ப்பு கர்ப்பாலுக்கு இறந்தபின் கிடைத்தது. 2009 பேராக் நெருக்கடியின்போது, சுல்தானின் முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்று செய்தியாளர் கூட்டத்தில் சொன்னதற்காக அவர்மீது தேசநிந்தனை வழக்கு. 2014இல் 4,000 ரிங்கிட் அபராதம். 2,000 ரிங்கிட்டைத் தாண்டிய அபராதம் நாடாளுமன்றப் பதவியைப் பறிக்கக்கூடியது. அந்த ஏப்ரலில் சாலை விபத்தில் அவர் மாண்டார். மேல்முறையீட்டைக் குடும்பம் விடவில்லை. 2019இல் கூட்டரசு நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது. சட்டக் கருத்து சொல்வது குற்றமா என்ற கேள்விக்கு விடை வரப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

மத மாற்ற வழக்குகளில் பினாங்குக்குத் தனி இடம் உண்டு, சுருக்கமாகவே சொல்கிறேன். சுல்தான் இல்லாத மாநிலமாதலால் இங்கே இஸ்லாத்தின் தலைவர் மாமன்னர். சமயச் சட்டத்தை மாநிலச் சட்டமன்றம் இயற்றுகிறது. 1996இல் லிம் சான் செங் வழக்கில் பினாங்கு உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் ஹமிட் முகமது அந்தச் சட்டத்தைப் பிரித்துப் படித்தார். இஸ்லாத்தை விட்டு விலகுவது பற்றி ஷரியா நீதிமன்றத்துக்கு அதில் அதிகாரம் தரப்படவில்லை. எனவே சிவில் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றார். மூன்று ஆண்டுகளில் கெடாவைச் சேர்ந்த சூன் சிங் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் வேறு வழி போனது: சட்டத்தில் எழுதாவிட்டாலும் அந்த அதிகாரம் உள்ளடங்கி இருக்கிறது. எழுதப்பட்டதை மட்டும் பார்த்த பினாங்கு நீதிபதியின் முறையே எனக்குச் சரியெனப் படுகிறது. ஆனால் 2008இல் பினாங்கு ஷரியா உயர் நீதிமன்றமே, திருமணத்துக்காக மதம் மாறிக் கணவரால் கைவிடப்பட்ட சீனப் பெண் ஒருவர் இஸ்லாத்தை விட்டு விலக அனுமதித்தது. அவர் ஒருநாளும் முஸ்லிமாக வாழ்ந்ததில்லை என்பதைச் சான்றுகளின் அடிப்படையில் ஏற்றது. இந்தத் தீர்ப்பைச் சேர்க்காமல் இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

இனி ஊராட்சித் தேர்தல். 1957 ஜனவரி 1 அன்று ஜார்ஜ் டவுன் மாநகரானது. தொடக்ககால மேயர்களில் ஒருவர் தொழிற்கட்சியின் டி.எஸ். இராமநாதன், ஆசிரியராக இருந்தவர். ஸ்காட் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1966இல் ஜார்ஜ் டவுன் மன்றத்தின் அதிகாரம் முதலமைச்சரிடம் போனது. ஊராட்சிகளை ஆராய அமைந்த அரச விசாரணைக் குழுவுக்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் தொடர வேண்டும் என்றே அவருடைய குழு பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் 15ஆம் பிரிவில் ஒரே வாக்கியத்தில் கதையை முடித்தது: ஊராட்சித் தேர்தல் பற்றிய சட்ட விதிகள் அனைத்தும் செயலிழக்கின்றன. 10ஆம் பிரிவின்படி 8 முதல் 24 உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கும்.

2012இல் பினாங்குச் சட்டமன்றம் தேர்தலை மீட்கத் தனிச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின் செல்லுபடியைக் கேட்டு மாநில அரசோடு இரண்டாம் மனுதாரராகக் கூட்டரசு நீதிமன்றத்தில் நின்றவர் அலிரானின் முன்னாள் தலைவர் பி. இராமகிருஷ்ணன். மாநிலத்தின் வாதம் இலகுவில் ஒதுக்கக்கூடியதல்ல. அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் ஊராட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநிலப் பொறுப்பில் உள்ள ஒன்றுக்கு மாநிலம் எப்படித் தேர்தல் நடத்தவேண்டும் என்பதை மாநிலம்தானே முடிவு செய்யவேண்டும்? நீதிமன்றம் வேறொரு வாசலைத் திறந்தது. மாநிலங்களிடையே ஊராட்சிச் சட்டம் ஒரே சீராக இருக்க நாடாளுமன்றம் சட்டமியற்ற 76(4) பிரிவு இடம் தருகிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி வந்தது. கூட்டரசுச் சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டம் 75ஆம் பிரிவின்படி செல்லாது. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் தீர்ப்பில் பெரிய ஓட்டை இல்லை. ஆனால் சீர்மைக்காகத் தரப்பட்ட அதிகாரத்தைக் கொண்டு மக்களின் வாக்கையே அகற்றலாமா என்ற கேள்வி அந்த எழுத்துக்குள் அடங்காது. அதற்கு நீதிமன்றம் முழுமையான விடை தரவில்லை என்பதே என் வருத்தம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: 15ஆம் பிரிவு சாதாரணச் சட்டத்தின் பிரிவு. அதை நீக்க மூன்றில் இரண்டு பங்கு தேவையில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும். 2018இல் ஆட்சி மாறியபோது வாய்ப்பு வந்தது. அந்த டிசம்பரில் பிரதமர் மகாதீர், ஊராட்சித் தேர்தல் இன மோதலுக்கு வழிவகுக்கும் என்று சொல்லி ஒதுக்கினார். நகரங்களில் சீனர் பெரும்பான்மை என்பதே அந்த அச்சத்தின் வேர். 1951 முதல் 1960களின் நடுப்பகுதி வரை பல இனத்தவர் வாழ்ந்த ஜார்ஜ் டவுன் தேர்தல் நடத்தியிருக்கிறது, தமிழர் ஒருவரை மேயர் நாற்காலியில் அமர்த்தியும் இருக்கிறது. அந்த அனுபவத்தை யாரும் எடுத்துப் பேசவில்லை.

பினாங்கு முழுமையாக வென்ற வழக்கும் ஒன்று உண்டு. கட்சி தாவும் சட்டமன்ற உறுப்பினர் பதவி இழப்பார் என்று மாநில அரசமைப்பில் 2012இல் 14-ஏ பிரிவு சேர்ந்தது. 1992இல் கிளந்தானின் இதே போன்ற சட்டத்தை நோர்டின் சாலே வழக்கில் உச்ச நீதிமன்றம், சங்கம் சேரும் உரிமைக்கு எதிரானது என்று அடித்திருந்தது. 2020 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அணி மாறிய நால்வர் 14-ஏ பிரிவை எதிர்த்தார்கள். 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம், பிரிவு செல்லும் என்றது. சில நாட்களுக்கு முன்புதான் நாடாளுமன்ற மக்களவை கட்சித் தாவல் தடைத் திருத்தத்தை நிறைவேற்றியிருந்தது. நீதிமன்றமும் நாடாளுமன்றமும் ஒரே பக்கம் பார்த்தபோது வந்த வெற்றி அது. 1987இன் அலிரான் வெற்றி போல அமைச்சரை எதிர்த்து நிற்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

உண்மையான திருப்பம் பினாங்குக்கு வெளியே நடந்தது. 2017இல் செமினி ஜெயா நிலம் கையகப்படுத்தல் வழக்கில் நீதிபதி ஜைனுன் அலி, நீதி அதிகாரம் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு என்று எழுதினார். 1988 திருத்தம் அதைப் பறித்துவிட முடியாது என்றார். 2018 ஜனவரியில், ஈப்போ பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் பிள்ளைகளைத் தந்தை தன்னிச்சையாக மதம் மாற்றியது செல்லாது என்று அதே நீதிபதி தீர்ப்பளித்தபோது, அந்தக் கோட்பாடுதான் துணை நின்றது. லோ கூய் சூன் வழக்கில் மூடப்பட்ட கதவு நாற்பது ஆண்டு கழித்துத் திறந்தது. ஆனால் 2021இல் மரியா சின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அதிலிருந்து பின்வாங்கினார்கள். தலைமை நீதிபதி தெங்கு மைமூன் மாறுபட்டு எழுதினார். ஒரே நீதிமன்றம், நான்கு ஆண்டுகளுக்குள் இரண்டு குரல்கள்.

நீதிபதிகள் மாறும்போது உரிமையும் மாறுவது என்ற நிலை நீடிக்கக் கூடாது. 121(1) பிரிவு 1988க்கு முன்பிருந்த வாசகத்துக்குத் திரும்ப வேண்டும். நீதி அதிகாரம் நீதிமன்றங்களிடம் இருக்கிறது என்று அரசமைப்பே மறுபடி சொல்ல வேண்டும். மக்களவையின் 222 இடங்களில் அதற்கு வேண்டியது 148. 2022 பொதுத்தேர்தலுக்குப் பின் அமைந்த கூட்டணி அரசு தனக்கு இருப்பதாக அறிவித்த ஆதரவும் அதே 148தான்.